ஒளிப்படக்கலையும் குறைகாணும் நெறியும்

காவியத்தைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் திறனாய்வுக் கட்டுரை எழுதுவார் நம்மிடையே பலர் உளர். இசையரங்கு ஒன்று நிகழின் மறுநாளே அதன் நிறைகுறைகளை எடுத்துரைப்பாரும் உளர். ஒளிப்படம் ஒன்றை முன்வைத்து அதன் நிறை இன்னது, குறை இன்னது எனக் காரணங்காட்டிக் கூறுவாரோ மிகச் சிலர். படத்தை எடுத்தவர் அதனை நண்பரிடம் நீட்டுகிறார். நண்பர் 'மிக அழகாயிருக்கிறது' என்கிறார். எடுத்தவர் நன்றி கூறித் திரும்பப் பெறுகிறார். ஈண்டு நிகழ்ந்தது முகமன் ஒழியத் திறனாய்வு அன்று. அம்முகமனால் யாருக்கும் தீங்கில்லை எனச் சிலர் கருதுவர். தீங்கு உண்டு என்பதே எமது கருத்து. அடுத்த படத்தை எவ்வாறு எடுப்பது என்னும் வினாவுக்கு விடையின்றியே அவர் வீடு திரும்புகிறார். பல ஆண்டுகள் அவ்வாறே திரும்பிக்கொண்டிருத்தலுங் கூடும்.

இந்நிலைக்குக் காரணம் யாது? ஒளிப்படம் பொறியினால் ஆவது என்னும் எண்ணம் ஒரு காரணம். பொறி செய்த வேலையைப் பாராட்டவும் பழிக்கவும் என்ன இருக்கிறது என நினைப்பவர், படத்தைப் பேசவேண்டிய இடத்திற் கமெராவின் விலையைப் பேசுகின்றனர். குறைகூறுதல் என்பதே பகைமைச் செயல் என்னும் எண்ணம் மற்றொரு காரணம். இஃது ஒருவாறு நாமே தேடிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் எழுந்த கண்டன நூல்கள் பல. ஒருவர் மறுப்பு எழுத, அம்மறுப்புக்கு மற்றொருவர் மறுப்பு எழுத, அச்சுப் பொறிகள் ஓயாது சுழன்ற காலம் அது. அந்நூல்களிற் காணும் புலமையை நாம் மதிக்கின்றோம். ஆயின், கண்டனத்தின் நோக்கம் எதிரியின் வாயை அடைத்தல். திறனாய்வின் நோக்கமோ எதிரேயிருப்பவரின் கையை மீண்டும் தொழிலில் மூட்டுதல். கண்டனத்திற் பழகிய செவி, திறனாய்வையும் கண்டனமாகவே கேட்கிறது.

மேலைநாட்டு ஒளிப்படக்காரரும் இக்குழப்பத்திற்கு விலக்கல்லர். 1858ஆம் ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் என்னும் ஆங்கிலேயர், இறக்குந் தறுவாயிலுள்ள இளம்பெண் ஒருத்தியையும் அவளைச் சூழ்ந்த சுற்றத்தாரையும் காட்டும் படமொன்றை ஐந்து எதிர்ப்படங்களை இணைத்து ஆக்கினார். ஓவியர் தீட்டினால் ஏற்கத்தக்க இத்துயரக் காட்சியை ஒளிப்படம் காட்டலாகாது எனச் சிலர் வெகுண்டனர். படம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்னும் வினா அவ்வெகுளியில் மறைந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் பீற்றர் ஹென்றி எமேர்சன் என்பவர் றொபின்சனின் வழியை வேரோடு சாய்க்க முற்பட்டார். எமேர்சன் மருத்துவம் பயின்றவர். மனிதக் கண் எல்லாப் பொருள்களையும் ஒரே வேளையில் ஒரே கூர்மையுடன் காண்பதில்லையாதலின், படமும் அவ்வாறே அமைதல் வேண்டும் என 1889இல் வெளியிட்ட 'இயற்கைநெறி ஒளிப்படக்கலை' என்னும் பொருளுடைய நூலில் அவர் வாதித்தார். காரணங் கூறி வாதித்தார் என்பது சிறப்பு. காரணத்தோடு ஆளையுஞ் சேர்த்தே சாடினார் என்பது இழுக்கு. ஒளி படும் அளவுக்கும் படத்தகட்டின் கருமைக்கும் உள்ள தொடர்பை ஹேட்டர், டிரிபீல்ட் என்னும் இருவர் ஆராய்ந்து 1890இல் வெளியிட்டனர். நிறவேறுபாடுகளைத் தாம் எண்ணியவாறெல்லாம் ஒளிப்படக்காரர் மாற்றுதல் இயலாது என்பது அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. எமேர்சன் தம் கொள்கையின் மரணத்தை அறிவிக்கும் சிறுநூலொன்றைக் கறுப்புக் கரையிட்டு வெளியிட்டார். பிறர்க்கு மூட்டிய தீயில் தம் நூலையும் இட்ட அந்நேர்மை அரிது. ஆனால் அவர் கூறிய காரணங்களிலும் அவருடைய சினமே இன்று பெரிதும் நினைக்கப்படுகிறது. கடுஞ்சொல்லுக்கு உள்ள தீமை இதுவே: கேட்டவர் சொல்லை மறந்து கடுமையை நினைவில் வைப்பர்.

இந்த எமேர்சன், 1887இல் இலண்டன் இதழொன்று நடத்திய போட்டிக்கு நடுவராயிருந்து, ஜேர்மனியிற் கல்வி பயின்ற 23 வயது இளைஞர் ஒருவருக்கு முதற்பரிசு அளித்தார். அவ்விளைஞரே பின்னர் அமெரிக்க ஒளிப்படக்கலையின் போக்கை மாற்றிய அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ். ஸ்ரீக்லிற்ஸ் 1890இல் நியூயோர்க் திரும்பி, அங்கிருந்த கமெராக் கழகத்தின் இதழை 1897 முதல் 1902 வரை நடத்தினார். கழகங்களில் அன்று நிலவிய முறை பரிசு முறை. சுவரிலே படங்கள் தொங்கும், நடுவர் வருவார், பதக்கம் சிலர்க்குக் கிட்டும். இரண்டாம் பரிசு பெற்றவர் தாம் ஒருபடி குறைந்தார் என்பதை அறிவார். எதனாற் குறைந்தார் என்பதை அறியார். ஆண்டுதோறும் அதே நடுவரின் சுவைக்கேற்ப அதே ஆற்றங்கரையும் அதே மூடுபனியும் மீண்டும் மீண்டும் தோன்றுதற்கு இம்முறை வழிசெய்தது. ஸ்ரீக்லிற்ஸ் கழகத்தாரோடு ஒத்துப்போகவில்லை. 1902இற் சிலரைத் திரட்டித் தனியே பிரிந்தார். 1903இல் 'கமெரா வேர்க்' என்னும் இதழைத் தொடங்கினார். 1905இல் ஐந்தாம் அவெனியூவின் 291ஆம் இலக்கத்திற் சிறிய காட்சிக்கூடமொன்றைத் திறந்தார். 1908இற் கமெராக் கழகம் அவரை விலக்கி, பின்னர் மீளச் சேர்த்தது. அவரோ தாமே விலகிக்கொண்டார். எளிதிற் பழகத்தக்க மனிதர் அல்லர் என்பது தெளிவு.

அக்காட்சிக்கூடத்திற்கு 1907இற் பள்ளி மாணவர் சிலரை ஆசிரியர் ஒருவர் அழைத்து வந்தார். ஆசிரியர் லூயிஸ் ஹைன். நியூயோர்க் துறையில் வந்திறங்கிய குடியேறிகளைப் படமெடுத்தவர். ஆலைகளில் உழைத்த சிறுவரைப் பின்னர்ப் படமெடுத்து நாட்டின் மனச்சான்றைத் தட்டியெழுப்பியவர். மாணவருள் ஒருவர் போல் ஸ்ராண்ட். அப்போது 16 வயதினர். ஒளிப்படக்காரராவதென அவர் முடிவு செய்தார். பள்ளி நீங்கியபின் கமெராக் கழகத்திற் சேர்ந்து, கழகத்தார் விரும்பிய முறையிலே, மென்மையான உருத்தரும் வில்லைகொண்டு படங்கள் எடுத்தார். அவ்வில்லை பொருள்களின் விளிம்பைக் கரைத்து, காட்சி முழுவதன்மேலும் மெல்லிய திரையொன்றை விரித்தாற்போலக் காட்டும். கண்டோர் 'ஓவியம் போன்றிருக்கிறது' எனப் பாராட்டுவர். இளைஞர் ஒருவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஸ்ராண்ட் தம் படங்களை அவ்வப்போது ஸ்ரீக்லிற்ஸிடம் எடுத்துச்சென்று காட்டிவந்தார். அச்சந்திப்புகளில் ஒன்றைப் பற்றி ஸ்ராண்டே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த வில்லை எல்லாவற்றையும் ஒரே பொருளாற் செய்ததுபோலக் காட்டுகிறது என்பது ஸ்ரீக்லிற்ஸ் கண்ட குறை. புல்லும் நீரும் மரப்பட்டையும் ஒன்றுக்கொன்று வேறுபாடின்றிக் கிடக்கின்றன. இயற்கையில் ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்துக் காட்டும் தன்மைகளை இப்படம் இழந்துவிட்டது. இவ்வாறு கூறி, வில்லையின் துவாரத்தை நன்கு சுருக்கிச் சில காலம் படமெடுத்துப் பார்க்குமாறு அவர் பணித்தார்.

இக்கூற்றைச் சற்று நின்று நோக்குதல் தகும். படம் நன்றன்று என்று அதில் எங்கும் இல்லை. நன்று என்றும் இல்லை. முதலிற் கண்ணுக்குத் தோன்றியது கூறப்படுகிறது: புல்லும் நீரும் ஒன்றாய்த் தெரிகின்றன. இது யாரும் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கத்தக்க செய்தி. சுவை பற்றிய வழக்கன்று. அடுத்து, அதனாற் படம் எதனை இழந்தது என்பது கூறப்படுகிறது. பின்னர், அவ்விழப்பு எடுத்தவரின் அறிவிலோ குணத்திலோ இல்லை, வில்லையின் துவாரத்திலே இருக்கிறது எனக் காரணங் காட்டப்படுகிறது. விரலாற் திருத்தக்கூடிய ஓரிடத்திலே குறையைக் கொண்டுபோய் வைத்தமையே இதன் அருமை. 'உமக்கு இக்கலை வாராது' என்று கேட்டவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அழலாம், அல்லது கமெராவை விற்கலாம். 'துவாரத்தைச் சுருக்கும்' என்று கேட்டவர்க்கு நாளைக் காலையே வேலை இருக்கிறது.

கேட்டவரின் பங்கும் சிறிதன்று. கழகத்திற் பாராட்டுப் பெற்றுத் தந்த வழியை அவர் கைவிட வேண்டியிருந்தது. ஸ்ராண்ட் அன்று மறுமொழி என்ன கூறினார் என்பதன்று ஈண்டுச் சிறப்பு. மீண்டும் என்ன படங்களோடு வந்தார் என்பதே சிறப்பு. நியூயோர்க்கின் பணச்சந்தைத் தெருவிலே, காலையொளியில் நெடிய நிழல் நீட்டி நடப்போரைப் பெரும் கட்டடமொன்றின் கரிய சாளரங்களின் கீழ் காட்டும் படம் 1915இற்கு உரியது. கழுத்திலே 'குருடி' என்னும் அறிவிப்பைத் தாங்கித் தெருவில் நின்ற மூதாட்டியின் முகம் 1916இற்கு உரியது. ஸ்ரீக்லிற்ஸ் தம் இதழின் 1916 ஒக்டோபர் வெளியீட்டிலும், 1917 ஜூனில் வந்த இறுதி வெளியீட்டிலும் ஸ்ராண்டின் படங்களை அச்சிட்டார். இறுதி வெளியீட்டை அவர்க்கே உரியதாக்கினார் எனலாம். அவ்விதழுக்குத் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் சந்தாதாரர் இருந்தனர். முடிவில் நாற்பது பேரும் இலர். முகமன் கூற மறுத்த இதழ்களுக்கு இது புதிய விதியன்று.

ஸ்ராண்ட் தொடக்கநிலையினர், ஆதலாற் பணிந்து கேட்டார் எனக் கூறுவார் உண்டாயின், எட்வேட் வெஸ்ரனை நோக்குக. 1922இல் வெஸ்ரனுக்கு வயது 36. கலிபோர்ணியாவிற் சொந்தப் படநிலையம் உடையவர். கண்காட்சிகளிற் பரிசுகள் பல பெற்றவர். அவ்வாண்டு நியூயோர்க் சென்று தம் அச்சுப்படங்களை ஸ்ரீக்லிற்ஸிடம் காட்டினார். தாம் மிக விரும்பிய படங்களையும் அவர் ஒவ்வொன்றாய் ஒதுக்கிவைத்தமையைத் தம் நாட்குறிப்பிற் பதிவு செய்தார். ஆயினும் மகிழ்ச்சியோடு திரும்பினார் என்பது வியப்பு. தாம் உள்ளூர ஐயுற்றிருந்த இடங்களையே மற்றொருவர் வாயாலுங் கேட்டமையால் தமக்கு வலிமை பிறந்தது என்பது அவர் உணர்வு. பிறர் கூறுங் குறையிற் பெரும்பகுதி நாம் முன்னரே அறிந்து மறைத்துவைத்ததாயிருத்தல் உண்டு. அதனை மற்றொருவர் தொட்டவுடன் நாம் சினப்பதும் அதனாலேயே போலும்.

ஒளிப்படக்காரர் குறையைக் கேட்பதில் உள்ள இடர் கவிஞர்க்கு உள்ளதினும் வேறானது; இதனை விரித்துக் கூறவேண்டும். படம் எடுத்தவர் அப்படத்தின் நான்கு விளிம்புக்கும் அப்பால் இருந்ததை அறிவார். விடியற்காலையில் எழுந்தது, கடற்கரையிற் காற்று வீசியது, அங்கிருந்த வலைஞர் ஒருவர் அன்போடு தேநீர் தந்தது, மூன்று மணிநேரம் காத்திருந்தபின் முகில் விலகியது ஆகிய அனைத்தும் படத்தைப் பார்க்குந்தோறும் அவர் மனத்தில் எழும். எழுந்து, படத்திலே இருப்பதாகவே தோன்றும். பார்ப்பவர்க்கோ கிடைப்பது ஒரு சாண் தாளும் அதிலுள்ள கருமையும் வெண்மையுமே. 'இப்படத்தில் அமைதி தெரியவில்லை' என அவர் கூறினால், எடுத்தவர் உடனே 'அங்கே எவ்வளவு அமைதியாயிருந்தது தெரியுமா?' என்பார். இவ்விடையாற் படத்துக்கு ஒரு பயனும் இல்லை. எடுத்தவர் விளக்கந் தரத் தொடங்கியதும் பார்ப்பவர் படத்தை விட்டு அவரைப் பார்க்கத் தொடங்குவார், இரக்கங்கொண்டு தலையசைப்பார், திறனாய்வு அங்கே முடிந்தது. குறையைக் கேட்கும் வேளையில் எடுத்தவர் வாய்திறவாதிருத்தல் வேண்டும் என நாம் வற்புறுத்துவது, பணிவு என்னும் அறம் பற்றியன்று. தம் படம் தாம் உடனில்லாத இடத்தில் என்ன பேசுகிறது என்பதை அறிய அவர்க்கு வேறு வழியில்லை.

வெஸ்ரனுக்கு 1927இல் நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டு அவர் கடற்சங்குகளையும் சிப்பிகளையும் நெருங்கி நின்று படமெடுத்து, மெக்சிக்கோவிலிருந்த ரீனா மொடோற்றி என்னும் நண்பர்க்கு அனுப்பினார். மொடோற்றி தாமும் தேர்ந்த ஒளிப்படக்காரர். அவர் அப்படங்களை டியேகோ றிவேரா முதலிய ஓவியர்களுக்குக் காட்டி, அவர்கள் கூறியதையும் தம் உள்ளத்தில் எழுந்ததையும் ஒளியாது எழுதினார். அப்படங்கள் அழகுணர்ச்சியோடு நில்லாமற் கண்டாரின் உடலையும் கலக்கின என்பது கடிதங்களின் சாரம். வெஸ்ரன் திகைத்தார். சங்கின் வடிவமன்றி வேறெதனையும் தாம் எண்ணியதில்லை என நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் அக்கடிதப் பகுதிகளை அதே நாட்குறிப்பிற் படியெடுத்தும் வைத்தார். நண்பர் கண்டதை அவர் ஏற்கவுமில்லை, அழிக்கவுமில்லை. கருத்து வேறுபட்டபோதும் சான்றைப் பேணிய இப்பண்பு, குறைகேட்போர் கற்கத்தக்கது. மொடோற்றி செய்ததும் தீர்ப்புக் கூறலன்று. பார்த்தபோது தமக்குள் நேர்ந்ததை நேர்ந்தவாறே அறிவித்தார். திறனாய்வில் இப்பகுதியே கடினம். தீர்ப்புக் கூறுதற்குத் துணிவு போதும். தன்னுள் நேர்ந்ததை அறிவிக்க உண்மை வேண்டும்.

இனி, குறையைப் பெயரிட்டு வழங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நூலுக்குரிய குற்றம் பத்தென நன்னூலார் வகுத்தவற்றை மாணவர் அறிவர். அவை நூலுக்குக் கூறப்பட்டனவாயினும், படத்தின்மேல் வைத்துப் பார்க்குமிடத்துப் பல வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றன. தாத்தாவின் முகத்தைக் காட்டவந்த படத்தில் பின்னால் நிற்கும் கடைப்பலகையின் எழுத்துக்கள் கண்ணை இழுக்குமாயின் அது 'மற்றொன்று விரித்தல்'. மாலைவானின் செம்மையைக் கருவியால் மேன்மேலும் ஏற்றிக் குங்குமக் கரைசலாக்குதல் 'மிகைபடக் கூறல்'. ஒரு மூலையில் விறுவிறுப்பாய்த் தொடங்கி மறுமூலைக்குச் செல்லுமுன் வெறுமையாய்ப் போகும் படங்கள் எத்தனை! அவற்றுக்குச் 'சென்றுதேய்ந்திறுதல்' என்பதனினும் ஏற்ற பெயர் எம்மொழியிலும் இராது. பெயர் இருப்பதாற் பெறும் நன்மை, குறை ஆளைவிட்டு நீங்கிப் படத்திலே நிலைபெறுதல். 'நீர் கவனமில்லாதவர்' என்பதற்கும் 'இதில் மற்றொன்று விரிந்திருக்கிறது' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

ஆயினும் பெயர்ப்பட்டியல் கையிலிருப்பதாற் திறனாய்வு நிகழ்ந்துவிடாது. பட்டியல் வைத்திருந்தவர்கள் பெரிதும் வழுவிய வரலாறு ஒன்று உண்டு. சுவிற்சலாந்தின் சூரிச் நகரிற் பிறந்த ரொபேட் பிராங்க் என்பவர், 1955இல் குகென்ஹைம் உதவிப்பணம் பெற்று, அமெரிக்க நாடெங்குங் காரிற் சுற்றி 27,000இற்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் 83ஐ மட்டுந் தெரிந்து ஒரு நூலாக்கினார். 1958இற் பாரிசிலும் 1959இல் நியூயோர்க்கிலும் அது வெளிவந்தது. 1960 மே மாதத்தில் 'பொப்பியூலர் போட்டோகிராபி' என்னும் அமெரிக்க இதழ் அந்நூல் பற்றிப் பலருடைய கருத்துகளை ஒருங்கே வெளியிட்டது. பெரும்பாலோர் பழித்தே எழுதினர். படங்கள் மங்கியிருக்கின்றன, மணிமணியாய்ச் சிதறியிருக்கின்றன, ஒளியளவு கலங்கியிருக்கிறது, அடிவானம் கோணியிருக்கிறது, நாட்டின்மீது காழ்ப்புத் தெரிகிறது என்பன குற்றச்சாட்டுகள்.

அவர்கள் பொய் கூறினரா? இல்லை. மங்கலும் கோணலும் அப்படங்களில் உள்ளனவே. கண்டதைக் கண்டவாறே கூறினர், அவ்வளவில் நேர்மையாளரே. ஸ்ரீக்லிற்ஸ் கேட்டதும் அவர்கள் கேளாததுமான வினா ஒன்று உண்டு: இதனாற் படம் எதனை இழந்தது? மயாமிக் கடற்கரையில் எடுத்த மின்தூக்கிப் படத்தை எடுத்துக்கொள்வோம். மின்தூக்கியை இயக்கும் இளம்பெண் ஒருத்தி மேல்நோக்கிப் பார்த்தவாறு நிற்கிறாள். அவளைக் கடந்து வெளியேறுவோர் உருவமற்ற நிழல்களாய் மங்கி ஓடுகின்றனர். அம்மங்கலைத் திருத்தி அவர்களையுங் கூர்மையாக்கினால் நமக்குக் கிடைப்பது விடுதியொன்றின் விளம்பரப்படம். நாளெல்லாம் தன்னைக் கடந்துசெல்வோர் ஒருவரும் தன்னைக் காணாத வாழ்வு எத்தகையது என்பதை அந்த மங்கலன்றோ கூறுகிறது? ஸ்ராண்டின் படத்தில் மங்கல் திருடியது. பிராங்கின் படத்தில் மங்கல் தந்தது. குறை ஒன்றே; கணக்கு வேறு. குறையின் பெயரை அறிந்து அதன் கணக்கைப் பாராதவரே அவ்விதழில் எழுதினர். கோட்டத்தைக் கண்டு உளியைத் தேடும் தச்சர், அது வில்லாக வளைத்ததோ எனவும் பார்த்தல் வேண்டும்.

'அவரவர்க்கு அவரவர் சுவை. யார் யாரைக் குறைகூறுவது?' என இவ்வரலாற்றைக் காட்டி வாளாவிருப்பாரும் உளர். இது பெருந்தன்மைபோற் தோன்றும் சோம்பல். 1960இல் எழுதியவர்கள் தவறியது குறை கூறியமையால் அன்று, குறை கூறலைப் பாதியில் நிறுத்தியமையால். ஒருசார் அவர்களுக்கும் நாம் கடப்பாடுடையோம்; அவர்கள் எழுதி அச்சிட்டமையாலேதான், எந்த இடத்தில் அவர்கள் வழி பிரிந்தது என்பதை இன்று நாம் காட்ட முடிகிறது. ஒன்றுஞ் சொல்லாது தலையசைத்துச் சென்றவர்களைப் பற்றி நாம் என்ன கூறுவது?

ஒளிப்படக் கழகம் உடைய கல்லூரிகளில் இவற்றை எவ்வாறு கைக்கொள்ளலாம் என ஆசிரியர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் 1952இற் தொடங்கிய 'அப்பேச்சர்' இதழின் முதல் ஆசிரியரான மைனர் வைற், தம் மாணவர் படமொன்றின்முன் நெடுநேரம் பேசாதிருந்து பார்த்துப் பின்னரே வாய்திறக்கப் பழக்கினார். எமக்கு அதிலுள்ள தியானச் சாயல் முழுவதும் உடன்பாடன்று; அமைதியால் எல்லாம் விளங்கிவிடும் என்னும் நம்பிக்கை சில வேளை வெறுஞ் சொற்களையே பெற்றுத்தரும். ஆயினும் முதலிற் பார்த்தல், பின்னர்ப் பேசுதல் என்னும் வரிசை நன்று. எடுத்தவரின் பெயரை மறைத்துப் படத்தை வைக்கலாம். முதற் சுற்றில் 'நன்று', 'தீது' என்னும் இரு சொற்களையும் விலக்கி, கண் முதலில் எங்கே சென்றது, பின்னர் எங்கே சென்றது, எங்கே தடைப்பட்டது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் கூறலாம். இதற்குப் புலமை வேண்டுவதில்லை. முதலாண்டு மாணவனும் கூறுவான். ஆசிரியர் இறுதியிற் பேசுதல் நலம். முதலிற் பேசினாரேல், வகுப்பில் உள்ள அத்தனை கண்களும் அவர் கண்ட இடத்தையே காணும்.

ஆசிரியர் என்றவுடன் ஸ்ரீக்லிற்ஸை மீண்டும் நினைக்கவேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் அவர் நடத்திய 'அன் அமெரிக்கன் பிளேஸ்' என்னும் காட்சிக்கூடத்திற்கு வந்த இளைஞர் பலர், அவர் சொல்லைத் தெய்வவாக்காய்க் கொண்டனர். அவரும் அதனைத் தடுத்தவராய்த் தெரியவில்லை. படத்தின் துவாரத்தைப் பற்றிப் பேசியவர் காலப்போக்கில் உண்மை, வாழ்வு என்பன பற்றி மணிக்கணக்கிற் பேசலானார். 1932இல் ஸ்ராண்ட் அக்கூடத்தின் திறவுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். 1907இல் 291ஆம் இலக்கத்துள் நுழைந்த நாளைப்போன்றே அவ்வெளியேறிய நாளும் தமக்கு நன்னாள் என்பது அவர் பின்னர்க் கூறியதன் கருத்து. ஒருவரிடம் குறைகேட்டு வளர்ந்தவர் ஒரு கட்டத்தில் அவரைவிட்டு நீங்குதல் நன்றிகொன்ற செயல் ஆகாது. நீங்க முடியாதவாறு வளர்த்திருந்தாற் தான் அக்குறைகூறல் பிழைத்ததென்போம்.

நீங்கியவர் தம்மோடு எதனைக் கொண்டுசென்றார் என்பது அவருடைய பிற்காலப் படங்களிற் காணக்கிடக்கிறது. 1953இல் இத்தாலியின் லுசாரா என்னும் சிற்றூரில் ஸ்ராண்ட் எடுத்த குடும்பப் படம் ஒன்று உண்டு. வாயிலிலே தாய் நிற்கிறாள். அவளைச் சூழ ஐந்து மைந்தர், ஒருவரையொருவர் நோக்காது, ஒவ்வொருவரும் தத்தம் எண்ணத்தில் ஆழ்ந்தவராய் இருக்கின்றனர். பின்னே காரை பெயர்ந்த சுவர். அருகே ஒரு சைக்கிள். அப்படத்திற் சுவர் சுவராகவே இருக்கிறது; இரும்பு இரும்பாகவும், துணி துணியாகவும், உழைத்த கைகளின் தோல் தோலாகவும் இருக்கின்றன. ஒன்றேனும் மற்றொன்றைப்போல் இல்லை.